வேளச்சேரி ஃபிளாட்டும் கொடைக்கானல் வீடும்: வாடகைக்கு விட யோசனை, வழி சொல்லுங்கள்

தாமரை டீச்சர் | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஏப்ரலில் எனக்குப் பணி ஓய்வு. மகள் கோவையில் இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான், அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். போவதென்று முடிவாகிவிட்டது. இப்போது யோசனையெல்லாம் வீடுகளைப் பற்றித்தான்.

ஒன்று, 17 வருடமாக நாங்கள் குடியிருக்கும் வேளச்சேரி ஃபிளாட். இரண்டு படுக்கையறை, 950 சதுர அடி, முதல் மாடி. பக்கத்து பிளாக்கில் இதே அளவு வீடு போன மாதம் 75 லட்சத்துக்குப் போனது. வங்கிக் கடன் இன்னும் 16 லட்சம் பாக்கி, வருட வட்டி மட்டும் 1,40,000 ஆகிறது. 22,000 வாடகை வரும் என்கிறார் புரோக்கர்.

இன்னொன்று, அப்பா 1988-இல் கொடைக்கானலில் கட்டிய வீடு. மூன்று அறை, ஓட்டுக்கூரை, பின்னால் நான்கு பேரிக்காய் மரம். மே மாதம் பத்து நாள் போவோம். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். "ஆன்லைனில் போட்டு நாள் வாடகைக்கு விடுக்கா, ஒரு ராத்திரிக்கு 6,000, மாதம் 25 நாள் என்றால் ஒன்றரை லட்சம்" என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனதுக்குள் ஏதோ இடிக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10.40

டீச்சர், வணக்கம். ஆடிட்டர் அலுவலகத்தில் 20 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஃபிளாட் கணக்கைப் போட்டுவிடுவோம், அது சுலபம்.

வருட வாடகை 2,64,000. நீங்கள் கட்டும் சொத்து வரி 6,000 என்று வையுங்கள், மீதி 2,58,000. பழுது, பராமரிப்புக்கென்று அதில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொடுக்கிறது. ரசீது எதுவும் காட்ட வேண்டாம். அது 77,400. மீதி 1,80,600. அதிலிருந்து கடன் வட்டி 1,40,000-ஐக் கழித்தால் வரிக்கு வருவது 40,600 மட்டும்.

நீங்களே குடியிருந்தால் புதிய வரி முறையில் அந்த வட்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. வாடகைக்கு விட்டால் உண்டு. ஆனால் 30 சதவீதம் கழித்த மீதியைவிட வட்டி அதிகமாகப் போனால், அந்த நஷ்டத்தைப் புதிய முறையில் பென்ஷனில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். உங்கள் கணக்கில் நஷ்டமே வரவில்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம். பென்ஷனும் இதுவும் சேர்ந்து 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் வரியும் இல்லை.

இது வரிக் கணக்கு. கையில் நிற்கும் பணம் வேறு. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர ஒரு மாதம் போகும், அது 22,000. பெயிண்ட், குழாய், மோட்டார் என்று வருடச் சராசரி 25,000 வையுங்கள். சொத்து வரி 6,000. ஆக நிற்பது 2,11,000. 75 லட்சத்துக்கு அது 2.8 சதவீதம். வங்கி டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும். வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கையும், என்றாவது சென்னைக்குத் திரும்பலாம் என்ற எண்ணமும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வருமானத்துக்காக மட்டும் வைத்திருக்க வேண்டிய சொத்து இல்லை.

ஒரு சின்ன விஷயம். மெயின்டனன்ஸைக் குடிவருபவர் நேராக அசோசியேஷனுக்குக் கட்டும்படி அக்ரிமெண்ட்டில் எழுதுங்கள். வாடகையோடு சேர்த்து 25,500 என்று வாங்கி நீங்கள் கட்டினால், மொத்தமும் உங்கள் வாடகை வருமானமாகத்தான் தெரியும்.

---

மடிப்பாக்கம் குமரன் | ஞாயிறு, காலை 7.05

வேளச்சேரி என்றால் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "2015-இல் எவ்வளவு தண்ணீர் வந்தது, மிக்ஜாமில் எவ்வளவு வந்தது" என்பதுதான். மறைக்காமல் சொல்லிவிடுங்கள் டீச்சர். கார் பார்க்கிங் வரைதான் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். குடிவந்த பிறகு டிசம்பரில் தெரியவந்தால் பொங்கலுக்குள் காலி செய்துவிடுவார்கள்.

---

மதுரை வியாபாரி | ஞாயிறு, காலை 9.30

டீச்சரம்மா, மாத வாடகையெல்லாம் எதுக்கு? எங்க பக்கம் ஒத்திக்கு விடுவோம், சென்னையில லீஸுன்னு சொல்றாங்க. மொத்தமா 12 லட்சம் வாங்கி கடன்ல கட்டிருங்க. வட்டி மிச்சம். மாசாமாசம் வாடகைக்குப் போன் போட்டு நிக்கவும் வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 10.15

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கணக்கில் ஒத்தி நஷ்டம். 12 லட்சத்தைக் கடனில் கட்டினால் எட்டரை சதவீதத்தில் மிச்சமாகும் வட்டி 1,02,000. விட்டுக்கொடுக்கும் வாடகை 2,64,000. மூன்று வருடம் கழித்து அந்த 12 லட்சத்தை அப்படியே திருப்பியும் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அடுத்த ஒத்திக்காரர் கிடைக்காவிட்டால் டீச்சர் எங்கே போவார்?

இன்னொன்று, வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. வங்கிக்குத் தெரியாமல் ஒத்திக்கு விட்டால், 12 லட்சத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வருகிற குடும்பத்துக்குத்தான் பெரிய ஆபத்து. வீட்டுக்காரர் கடன் தவணையை நிறுத்தியதால் ஒத்திப் பணமும் போய், குடியிருப்பும் போய், தெருவில் நின்ற குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன். தாலி உட்பட எல்லா நகையையும் விற்றுக் கொடுத்த பணம் அது.

---

பண்ணைக்காட்டு ராஜன் | ஞாயிறு, மதியம் 1.20

டீச்சர், நான் கொடைக்கானல் மலையில் பிறந்து வளர்ந்தவன். இரண்டு வீட்டை நாள் வாடகைக்கு விட்டு ஆறு வருடம் நடத்தினேன். இப்போது ஒன்றை நிறுத்திவிட்டேன். உங்கள் தம்பி சொல்லும் 25 நாள் கணக்கை நானும் போட்டவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மலையில் மாதம் 25 நாள் என்பது ஏப்ரல், மேயில் மட்டும்தான் நடக்கும். மற்ற மாதம் சனி, ஞாயிறு, ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறை, பொங்கல், அவ்வளவுதான். ஜூலை காற்றிலும் நவம்பர் மழையிலும் செவ்வாய்க்கிழமை யாரும் வர மாட்டார்கள். மூன்று அறை வீடு ஒன்றில் எனக்கு நல்ல வருடத்தில் 95 இரவு ஓடியது. 6,000 வீதம் 5,70,000. அதில் போனவை இவை: புக்கிங் தளத்துக்கும் ஆள் அனுப்புகிற ஏஜெண்ட்டுக்கும் சேர்த்து 85,500. வாட்ச்மேன் சம்பளம் மாதம் 15,000 வீதம் 1,80,000. துவைப்பது, கூட்டித் துடைப்பது 60,000. ஈபி, கேஸ், கோடையில் லாரித் தண்ணீர் 72,000. உடைந்தது, ஒழுகியது, பூஞ்சை பிடித்தது 90,000. கையில் நின்றது 82,500. மாதத்துக்கு ஏழாயிரம் தேறாது. அதற்கு ராத்திரி 11 மணிக்கு "கீசர் எரியவில்லை" என்று போன் வரும். நீங்கள் கோவையில் பேரனைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பீர்கள்.

போன வருடக் கணக்கு இந்த வருடத்துக்குச் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு வைத்தது. மலைக்கு அது தேவைதான். மே மாதம் வத்தலக்குண்டு சாலையில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதைப் பார்த்தவன் நான். ஆனால் சீசன் இரண்டு மாதத்தை நம்பி கடன் வாங்கி வீட்டை மாற்றியமைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது அனுமதி. உங்கள் அப்பா வாங்கியது குடியிருப்புக்கான பிளான். குடியிருப்பு அனுமதியில் விடுதி நடத்தியது, பிளானை மீறிக் கட்டியது என்று நீதிமன்ற உத்தரவுப்படி 2019-இல் இங்கே கட்டடம் கட்டடமாகச் சீல் வைத்தார்கள். "ஹோம்ஸ்டே என்று போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே விதியைப் படியுங்கள்: ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம், ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு வாட்ச்மேன் கையில் சாவி கொடுப்பது ஹோம்ஸ்டே ஆகாது.

---

தாமரை டீச்சர் | ஞாயிறு, இரவு 8.50

ராஜன் தம்பி, கண்ணைத் திறந்துவிட்டீர்கள். தம்பிக்கு அப்படியே அனுப்பிவைத்தேன். படித்துவிட்டு, "அப்படியென்றால் விற்றுவிடலாமா அக்கா" என்று கேட்கிறான். அதற்கு மனம் வரவில்லை. அப்பா ஒவ்வொரு கல்லையும் நின்று பார்த்துக் கட்டிய வீடு.

வேளச்சேரி வீட்டில் இன்னொரு சங்கடம். பூஜை அறையையும், என் கணவருடைய புத்தகங்கள் இருக்கும் சின்ன அறையையும் பூட்டி வைத்துக்கொண்டு மீதியை விடலாமா? சைவக் குடும்பம் மட்டும் என்று போடலாமா?

---

மடிப்பாக்கம் குமரன் | ஞாயிறு, இரவு 10.02

டீச்சர், 14 வருடமாக வாடகை வீட்டில் இருப்பவன் என்ற முறையில் மனம்விட்டுச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பு நாங்கள் இருந்த வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கார அம்மா சாமான் எடுக்க வருவார். வரும்போதெல்லாம் சுவரைத் தடவிப் பார்ப்பார். அடுப்பங்கரையில் நின்று, "இங்கேதான் நான் ஊறுகாய் ஜாடி வைப்பேன்" என்பார். நல்ல மனுஷிதான், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் என் மனைவி அந்த வீட்டில் ஒருநாள்கூட நிம்மதியாகக் காலை நீட்டி உட்காரவில்லை. 11 மாதத்தில் காலி செய்துவிட்டோம். பூட்டிய அறை இருக்கும் வீட்டில் முழு வாடகை கொடுக்கிறவர் மனதில், இது அவர்கள் வீடு, நாம் ஓரமாக இருக்கிறோம் என்ற எண்ணம் போகவே போகாது.

சைவம் மட்டும் என்று போடுவது உங்கள் விருப்பம். ஆனால் எங்களுக்கு அந்த ஒரு வரியால் மூடிய கதவுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர் நீங்கள். ஒழுங்காக வாடகை கொடுப்பாரா, வீட்டைச் சுத்தமாக வைப்பாரா என்று மட்டும் பாருங்கள்.

---

கடல் கடந்தவன் | திங்கள், காலை 6.30

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். டீச்சரின் தம்பி கவனத்துக்கு ஒரு விஷயம். வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுத்தால், தொகை எவ்வளவு சின்னதானாலும், குடித்தனக்காரர் வாடகையிலேயே 31.2 சதவீதம் வரியை (டிடிஎஸ்) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உள்ளூர் வீட்டுக்காரருக்கு மாதம் 50,000-க்கு மேல் போனால்தான், அதுவும் 2 சதவீதம்தான். அம்பத்தூரில் என் வீட்டுக்கு வந்த மூன்று பேர் இந்தத் தொல்லையைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். வருமான வரித் துறையில் விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்கும்படி சான்றிதழ் வாங்கின பிறகுதான் நான்காவது குடும்பம் வந்தது.

தம்பி தன் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்கு பவர் எழுதிக் கொடுப்பதானால் இங்கே தூதரகத்தில் சான்றொப்பம் பெற வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நான் நான்கு மாதம் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

---

உத்தமபாளையம் வக்கீல் | திங்கள், காலை 11.15

எல்லோரும் வாடகையிலேயே நிற்கிறீர்கள், ஒருவரும் அடிப்படையைக் கேட்கவில்லை. டீச்சர், கொடைக்கானல் வீடு இன்று யார் பெயரில் இருக்கிறது? அப்பா உயில் எழுதினாரா? அம்மா இருக்கிறார்களா? உங்கள் இருவரைத் தவிர வேறு வாரிசு உண்டா?

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், உங்களுக்கும் தம்பிக்கும் (அம்மா இருந்தால் அவருக்கும்) சம பங்கு. மகள் என்பதால் பங்கு குறையாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவையும் சொத்து வரி ரசீதையும் உங்கள் பெயர்களுக்கு மாற்றுங்கள். இறந்தவர் பெயரில் ரசீது ஓடும் வீட்டுக்கு ஒழுங்கான வாடகை ஒப்பந்தம் போட முடியாது. நாளைக்குக் குடித்தனக்காரர் காலி செய்ய மறுத்தால், நீங்கள் உரிமையாளர் என்று நிரூபிப்பதிலேயே ஒரு வருடம் போய்விடும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகைதான். சென்னையில் பத்து மாதம் வாங்குவது வெறும் பழக்கம்தான். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. என்னிடம் வரும் வழக்குகளில் பாதி, கோபத்தில் வீட்டுக்காரர் மோட்டார் ஸ்விட்சை அணைத்ததில் தொடங்கியவை. நியாயம் அவர் பக்கம் இருந்தும் அந்த ஒரு செயலால் வழக்கு பலவீனமாகிவிடும்.

11 மாத ஒப்பந்தம் ஏன் என்று பலர் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம். அதிலிருந்து வந்த வழக்கம் அது. 11 மாதம் போட்டாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

---

பண்ணைக்காட்டு ராஜன் | திங்கள், மதியம் 3.40

டீச்சர், விற்கவும் மனமில்லை, நாள் வாடகையும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி இருக்கிறது, நான் இப்போது செய்வது அதைத்தான். மாத வாடகை. இங்கே பள்ளிக்கூடங்கள் அதிகம். ஆசிரியர்கள், விடுதியில் சேர்த்த பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வரும் பெற்றோர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். என் வீட்டுக்கு மாதம் 18,000 வருகிறது, வருடத்துக்கு 2,16,000. குடியிருப்பு வீட்டில் குடும்பம் குடியிருக்கிறது, எந்த அனுமதிச் சிக்கலும் இல்லை. வாட்ச்மேன் வேண்டாம். தினமும் அடுப்பு எரிந்து ஜன்னல் திறக்கிற வீட்டில் பூஞ்சை பிடிக்காது. பூட்டிக்கிடந்தால் மலை வீடு பத்து வருடத்தில் வீணாகிவிடும், மரத்தில் கையை வைத்தால் மாவாக உதிரும்.

உங்கள் மே மாதப் பத்து நாள் போய்விடும், அதுதான் நஷ்டம். அதை மறைக்க விரும்பவில்லை.

யாருக்கு விட்டாலும் ஒன்றை அக்ரிமெண்ட்டிலும் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் முதல் வேலையாக வெளியே மாற்றுங்கள். அவற்றிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கீழே இருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 5.05

ராஜன் சொல்வதற்கு வரிப் பக்கமும் துணை நிற்கிறது. மாத வாடகை வீட்டு வருமானம், 30 சதவீதக் கழிவு உண்டு. படுக்கை விரிப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து நாள் வாடகைக்கு விட்டால் அது வியாபார வருமானம். அந்தக் கழிவு கிடையாது, உண்மைச் செலவுக்குக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். ஓர் இரவு 7,500 வரையிலான அறைக்கு இப்போது 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும் ஆன்லைன் தளம் வசூலித்துக் கட்டிவிடும், விருந்தினர் பார்க்கிற விலை அந்த அளவு ஏறும்.

வீடு இருவருக்கும் சமம் என்றால் வாடகையும் பாதிப் பாதி. தம்பியின் பாதிக்குத்தான் கடல் கடந்தவர் சொன்ன 31.2. குடித்தனக்காரர் தலையில் இதைக் கட்டாமல் இருக்க, தம்பி தன் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம், அல்லது அந்தச் சான்றிதழ் வாங்கலாம். உடன்பிறந்தவர்களுக்குள் வரிக்காகப் பங்கை எழுதி வாங்குவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. நாளைக்கு மனத்தாங்கல் வரும். சான்றிதழே நல்லது.

பின்னாளில் விற்பதானால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இரண்டு கணக்கும் போட்டுப் பார்க்க உரிமை உண்டு: பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்துவது) இல்லாமல் லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அவருக்கு 12.5 மட்டும்தான். 2024 ஜூலை 23-க்கு முன்பே கையில் இருந்த சொத்துக்குத்தான் இந்தச் சலுகை. உங்களுடையது அதில் வரும்.

---

தாமரை டீச்சர் | ஜூன், வியாழன், மாலை 6.20

இந்த இழையை ஆறு மாதமாகத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்ற நான்கு மாதம் ஆனது. தம்பி விண்ணப்பித்த சான்றிதழ் போன வாரம் வந்தது. கொடைக்கானல் வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியை, கணவர், இரண்டு பிள்ளைகள் குடிவந்திருக்கிறார்கள். 17,000. கீசரை வெளியே மாற்றிய பிறகுதான் சாவி கொடுத்தேன்.

வேளச்சேரியில் எந்த அறையையும் பூட்டவில்லை. குமரன் எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணவருடைய புத்தகங்களை என் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்தேன். சாமி படங்களும் விளக்கும் என்னோடு கோவைக்கு வந்துவிட்டன. இப்போது அங்கே இருப்பது ஒரு நர்ஸும் அவர் கணவரும். கிறிஸ்தவக் குடும்பம். பூஜை அறை இருந்த இடத்தில் அவர்கள் குழந்தையின் தொட்டில் இருக்கிறது, படம் அனுப்பினார்கள். அட்வான்ஸ் மூன்று மாதம்தான் வாங்கினேன். "பத்து மாதம் கேட்பீர்கள் என்று நகையை அடகு வைக்க இருந்தோம்" என்றார் அந்தப் பெண்.

ராஜன் தம்பி, கூரையில் மேற்குப் பக்கம் இரண்டு வரிசை ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்று ஆசிரியை சொல்கிறார். ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும். பழைய ஓடு வேயத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாரா?

---

பண்ணைக்காட்டு ராஜன் | ஜூன், வியாழன், இரவு 8.15

இருக்கிறார் டீச்சர். அவருக்கு எழுபது வயது, அவர் மகன்தான் இப்போது மேலே ஏறுகிறான். நம்பரைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். பழைய ஓட்டுக்கு ஜோடி சேர்கிற ஓடு எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐம்பது கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.